கங்காதரன் வாட்ச்சில் நான் கண்ட நாலு குறை

கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கதையை விட்டுவிட்டு விலையைக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவீர்கள். சுவிட்சர்லாந்தில் செய்தது, கடலுக்குள் மூழ்கி வேலை பார்க்கிறவர்களுக்கென்று அறுபதுகளில் வந்தது, அவ்வளவு தெரிந்தால் போதும். 1999 ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை, செங்கல்பட்டு தாலுகா ஆபீஸில் என் ஜன்னலுக்குள் நீண்ட ஒரு கையில் அதைப் பார்த்தேன். அன்றிலிருந்து ஆறு வருஷம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சான்றிதழ் பிரிவில் நான் உதவியாளர். பெயர் வரதன். மனுவோடு வருகிறவர்களின் முகம் மறுநாள் எனக்கு ஞாபகம் இருக்காது. மணிக்கட்டு ஞாபகம் இருக்கும். யார் கையில் பழைய எச்எம்டி, யார் கையில் மாமனார் போட்ட ஃபேவர் லூபா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வீட்டில் இரும்பு பீரோவில், ரங்கநாயகியின் பட்டுப் புடவைகளுக்குக் கீழே, பதினோரு வாட்ச் வைத்திருந்தேன். பாதிக்கு மேல் ஓடாது. ஓடாத வாட்ச்சைக் காசு கொடுத்து வாங்கிப் பூட்டி வைக்கிற மனுஷரை எங்கள் வம்சத்தில் பார்த்ததில்லை என்று ரங்கநாயகி போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் புரியாதது ஊரில் முக்கால்வாசிப் பேருக்குப் புரியாது. பழைய வாட்ச்சைத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து, "சார், புதுசு மாதிரி இருக்கு பாருங்க" என்று நீட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புதுசு வேண்டுமென்றால் கடையில் போய்ப் புதுசு வாங்கிக்கொள்ளேன்! பழைய வாட்ச்சின் மதிப்பு அதை யாரும் தொடாமல் விட்டதில் இருக்கிறது. செய்த கையோடு வந்த டயல், செய்த கையோடு வந்த முள், பட்டறைச் சக்கரத்தில் தேய்க்காத உடம்பு. ஒரு தடவை டயலை மாற்றிவிட்டால் தீர்ந்தது. உள்ளே இயந்திரம் எவ்வளவு அழகாக ஓடினாலும் சேகரிக்கிறவன் திரும்பிப் பார்க்க மாட்டான்.

அந்தக் கையில் இருந்ததை யாரும் தொட்டிருக்கவில்லை.

கையின் சொந்தக்காரர் கங்காதரன். நெம்மேலியைத் தாண்டி ஒரு குப்பத்தில் மீன்பிடிக்கிறவர். மகள் ரஞ்சிதாவைக் கல்லூரியில் சேர்க்கச் சாதிச் சான்றிதழ் கேட்டு வந்திருந்தார். மூன்று தடவை அலைந்தும் கிடைக்கவில்லை என்றார். மனுவை வாங்குகிற சாக்கில் கையை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். கறுப்பு டயல்தான், ஆனால் வெயில் பட்டுப் பட்டுக் காப்பிப் பொடி நிறத்துக்குப் பழுத்திருந்தது. எல்லா டயலும் இப்படிப் பழுக்காது. ஏதோ ஒரு வருஷத்து மையில் இருந்த கோளாறு, ஆயிரத்தில் ஒன்றுக்குத்தான் அந்த நிறம் வரும். சுற்றியிருந்த கறுப்பு வளையம் உப்பில் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. ரேடியம் புள்ளிகள் உருக்கிய நெய்யின் மஞ்சளில் இருந்தன. உடம்பெல்லாம் கீறல், ஆனால் விளிம்புகள் மழுங்காமல் கூராக நின்றன. சான்றிதழை அன்று மாலையே வாங்கிக் கொடுத்தேன். அவர் என்னைத் தெய்வம் மாதிரி பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் வழியாக அவர் குப்பத்துக்குப் போய்விட்டேன். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றேன். செங்கல்பட்டிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் யாராவது சும்மா வருவார்களா? அவர் நம்பினார். வீட்டுக்காரி சொர்ணத்தைக் கூப்பிட்டு, சைவ வயிறு என்று சொல்லி, மீன் வாசம் படாத புது டம்ளரில் டீ போடச் சொன்னார்.

வாட்ச் வந்த கதையை அன்றைக்கே சொன்னார். எழுபத்தி நாலில் மாமல்லபுரம் கோயில் பக்கம் குளித்த ஒரு வெள்ளைக்காரனை அலை இழுத்துக்கொண்டு போக, கங்காதரனின் அப்பா கட்டுமரத்தில் போய்த் தூக்கிவந்தாராம். அந்த ஆள் மூன்று நாள் இவர்கள் வீட்டிலேயே படுத்துக் கிடந்து, போகும்போது தன் கையிலிருந்ததைக் கழற்றி அப்பாவின் கையில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். அப்பா சாகிற வரை கழற்றவில்லை. அதற்குப் பிறகு இவர்.

விலைக்குக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"டப்புக்கு இன்னா சார், இன்னிக்கி வரும், நாளிக்கிப் பூடும். இது கையில இல்லாங்காட்டி எனுக்குக் கடலுக்கு எறங்க மனசே வராது."

அங்கேதான் என் புத்தி கெட்டது. வாங்குகிறவன் பொருளில் குறை சொல்வது சந்தையில் பழக்கம்தானே, கத்தரிக்காய்க்குச் சொல்கிறோம், மாட்டுக்குச் சொல்கிறோம். நான் வாட்ச்சுக்குச் சொன்னேன். டயல் மங்கிவிட்டது கங்காதரன் என்றேன். அவர் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பெற்ற பிள்ளையைப் பற்றி வாத்தியார் குறை சொன்னால் ஒரு தகப்பன் எப்படிக் கேட்பானோ அப்படிக் கேட்டுக்கொண்டார். எனக்கு அது தெம்பாக இருந்தது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறினாலும் நான் தவறவில்லை. ரேஷன் கார்டில் பெயர் திருத்தம், பக்கத்து வீட்டு கன்னியம்மாவுக்கு விதவை பென்ஷன் என்று ஏதாவது ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு போவேன். ஒரு தடவை புது டைட்டன் ஒன்றை வாங்கிப் போய், இதை வைத்துக்கொண்டு அதைக் கொடுங்கள் என்றேன். நல்ல வாட்ச், உங்கள் கைக்குத்தான் அழகு என்று அதை என் கையிலேயே கட்டிவிட்டார். போகப் போக வாரம் பூராவும் எனக்கு அதே நினைப்பு. இந்நேரம் அவர் கடலில் இருப்பார், வலை இழுக்கும்போது படகு விளிம்பில் இடித்திருப்பார், கண்ணாடி விரிசல் விட்டு உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் சொன்னால் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன்.

"புயல் அடிச்சா அடிச்சுட்டுப் போறது. நம்மாத்துல என்ன படகா ஓடறது?" என்பாள் ரங்கநாயகி.

2003-ல் அவள் அண்ணன் பிள்ளை ஹர்ஷவர்தன் ஒரு காகிதத்தோடு வந்தான். பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. வாட்ச் பைத்தியம் அவனுக்கும் உண்டு, என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. ஏதோ வெளிநாட்டு ஏலத்தில் இதே மாதிரி பழுத்த டயல் விற்ற விவரத்தை இன்டர்நெட்டிலிருந்து எடுத்து வந்திருந்தான். தொகையில் எத்தனை சைபர் என்று விரல் வைத்து எண்ணினேன். மறுபடி எண்ணினேன். மங்கின டயல், வெளுத்த வளையம், மஞ்சள் புள்ளி, தேய்க்காத உடம்பு, நாலுக்கும் தனித்தனியாக விலை ஏறுகிறது என்று ஏலக்காரர்கள் அதில் விளக்கமே போட்டிருந்தார்கள்.

ஹர்ஷா நல்ல பையன். அந்த மீனவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள் அத்திம்பேர், விற்பதா வைத்துக்கொள்வதா என்று அவரே முடிவு பண்ணட்டும் என்றான். எனக்கு வந்ததே கோபம். சொன்னால் எனக்கு எப்படிக் கிடைக்கும்? ஊர் முழுக்கத் தெரிந்து, நாளைக்கே பம்பாயிலிருந்து எவனாவது காரில் வந்து இறங்குவான். நான் விற்கவா கேட்கிறேன்? பத்திரமாக வைத்துக்கொள்ளத்தானே கேட்கிறேன்? இப்படியெல்லாம் அவனிடம் கத்தினேன். பிள்ளையாண்டான் காப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கங்காதரன் கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நேராகப் போய் உட்கார்ந்தேன். அந்த நாலையும் ஒவ்வொன்றாக எடுத்துக் குறையாகச் சொன்னேன். டயல் கறுப்புப் போய்ப் பழுப்பாகிவிட்டது. வளையம் வெளுத்துவிட்டது. ரேடியம் மஞ்சளடித்துவிட்டது. உடம்பெல்லாம் கீறல். இப்படி இருக்கிறதை யார் சீந்துவார்கள், ஏதோ பழகின தோஷத்துக்கு நான் கேட்கிறேன் என்றேன். ஏலக் காகிதம் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.

கங்காதரன் வலையிலிருந்து கையை எடுத்து வாட்ச்சை லுங்கியில் துடைத்தார்.

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். "எனுக்கு இன்னா தெரியும் சார், அப்பாரு கையில எப்பிடிப் பாத்தனோ அப்பிடியே கீதுன்னு நென்ச்சிகினு இருந்தேன்."

கொடுக்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் டிசம்பர் இருபத்தாறு, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. குப்பத்துக்குக் கிளம்பச் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். ரங்கநாயகி கையைப் பிடித்து இழுத்ததை உதறிவிட்டு ஓடினேன். மாமல்லபுரத்துக்கு முன்னாலேயே போலீஸ் மறித்தது. தாலுகா ஆபீஸ் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போனேன். குப்பத்து ஜனங்களை ரோட்டுக்கு மேற்கே ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். அழுகையும் ஈரத் துணியுமாக இருந்தது. கங்காதரன் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மடியில் சொர்ணத்தின் அடிபட்ட கால். ரஞ்சிதா பக்கத்தில் இருந்தாள்.

நான் ஓடிப்போய் அவருடைய இடது கையைப் பிடித்துத் திருப்பினேன். வாட்ச் இருந்தது. விநாடி முள் நகர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேருக்கு நடுவில் விக்கி விக்கி அழுதேன். கன்னியம்மாவை இன்னும் காணவில்லை என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவள் பென்ஷன் மனுவை என் கையால் எழுதியவன் நான். அந்த நிமிஷம் அது என் காதோடு நின்றது. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? நான் அழுதது வாட்ச்சுக்காக.

கங்காதரன் மற்றக் கையால் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"ஒண்ணியும் ஆகல சார், கைகாலு நல்லாத்தான் கீது. அழுவாதீங்க." பிறகு சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தீங்களா, சொந்தக்காரன் ஒருத்தன் இன்னும் எட்டிப் பாக்கல. எங்க சார் அலைக்கு பயப்படாம வந்துட்டாரு."

இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. யாரால் முடியும்?

அதற்குப் பிறகு நிவாரணப் பட்டியல், குடியிருப்புச் சான்று என்று ஆபீஸில் ஞாயிற்றுக்கிழமையே இல்லாமல் போனது. அழகேசன் நகரில் நான் கட்டிக்கொண்டிருந்த வீட்டு வேலை வேறு. மே மாதம் ஒரு நாள் எப்படியோ தப்பித்துப் போனேன். கங்காதரன் இல்லை. சொர்ணம் நொண்டிக்கொண்டே வந்து, பட்டணம் போயிருக்கிறார் என்றாள். எதற்கு என்று கேட்டதற்கு முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். ஜூலையில் போனபோதும் பட்டணம், அதே சிரிப்பு. பக்கத்துப் படகுக்காரர் ஏசுதாஸ்தான் சொன்னார்: "அண்ணாத்த ஏதோ வாட்ச் கடைக்குப் போய்க்கினு வந்துகினு கீது சார்."

விற்கிறார்! படகு போய்விட்டது, வீட்டுச் சுவர் போய்விட்டது, விற்காமல் என்ன செய்வார்? எவனோ உண்மையைச் சொல்லிவிட்டான். என்னிடம் இல்லை என்று சொன்னதை ஊர் பேர் தெரியாதவனிடம் கொடுக்கப் போகிறார். ஸ்கூட்டரைத் திருப்பி வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆறு வருஷம் நான் செய்த உபகாரத்தையெல்லாம் வரிசையாகச் சொல்லித் திட்டினேன். அந்த மாதம் ஆபீஸில் என்னிடம் மாட்டியவர்கள் பாவம். கிரகப்பிரவேசப் பத்திரிகையைக்கூட நேரில் கொண்டுபோய்க் கொடுக்க மனசில்லாமல் தபாலில் போட்டேன்.

ஆவணியில் கிரகப்பிரவேசம். ஹோமம் முடிந்து வாத்தியார் எழுந்துகொள்ளும்போது அவர்கள் மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். கங்காதரன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சொர்ணம் கையிலும் ரஞ்சிதா கையிலும் பழமும் தேங்காயும் வைத்த தட்டு. கங்காதரன் கையில் மூன்றாவது தட்டு, வெற்றிலை பாக்கு மேல் ஒரு சிவப்பு வெல்வெட் பெட்டி. அவர் மணிக்கட்டில் ஒன்றும் இல்லை. அதைப் பார்த்ததில், வாங்க என்று சொல்லவே மறந்தேன்.

"ஒங்க கையால தொறங்க சார்," என்றார்.

திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் பார்வைக்கு அது எந்த வாட்ச் என்றே எனக்குத் தெரியவில்லை. டயல் மை மாதிரி கறுப்பு. வளையம் கறுப்பு. புள்ளிகள் சுண்ணாம்பு வெள்ளை. உடம்பை மெஷினில் கொடுத்துத் தேய்த்து, விளிம்பெல்லாம் வழுக்கிக்கொண்டு போய், முகம் பார்க்கிற மாதிரி ஆக்கியிருந்தார்கள். போதாததற்குத் தங்க நிறத்தில் ஒரு செயின். சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்து ஆஹா என்றார்கள். ஹர்ஷா ஒரு தடவை பார்த்தான். என்னைப் பார்க்காமல் கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

கங்காதரன் விரலை மடக்கிக்கொண்டே சொன்னார்:

"டயலு மங்கிப் பூட்ச்சின்னு சொன்னீங்க, புச்சு போட்டாச்சு. வளையம் வெளுத்துப் பூட்ச்சின்னீங்க, அதுவும் புச்சு. ரேடியத்துக்குத்தான் சார் மூணு வாட்டி அலைய உட்டான், இப்ப பாருங்க, வெள்ள வெளேர்னு கீது. கீறல் ஒண்ணு காட்டுங்க பாக்கலாம்." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கி மண்டபத்துல என் கையப் புட்ச்சிகினு அழுதீங்களே, அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன் சார். ஆனா புது வூட்டுக்குப் பழசையா கொண்டாந்து வெப்பாங்க? அதான் நாளாயிட்ச்சி."

பழைய டயல் எங்கே என்று கேட்டேன். அதுமட்டும் இருந்தால்கூடப் பாதிக்குமேல் மீட்டுவிடலாம். மனசு அதற்குள் ரயிலேறிப் பட்டணம் போய்விட்டது.

"கடைக்காரன் தான் வெச்சிக்கிறன்னான் சார், கூலியே வாணாம்னான். நா குடுக்கல. அப்பாரு கையில கெடந்த பொருளு, கண்டவன் கையில போலாமா? டயலு, முள்ளு, வளையம் அல்லாத்தியும் துணியில முடிஞ்சி, ஏசுதாஸ் போட்ல எட்த்துகினு போயி, கற்பூரம் காட்டி, ஆழத்துல உட்டுட்டேன்."

அவர்கள் வீட்டில் செத்தவர்களின் பொருளை அப்படித்தான் விடுவார்கள். குப்பையில் போட மாட்டார்கள். மரியாதை குறையாமல் கரையேற்றிவிட்டதாக அவர் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. நான் அங்கேயே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருஷம் என் வாயால் சொன்ன ஒவ்வொரு பொய்யையும் அவர் காசு கொடுத்து, பஸ் ஏறி அலைந்து, மெய்யாக்கிக் கொண்டுவந்திருக்கிறார். உள்ளதைச் சொல்லியிருந்தால் அவர் அதை ஒரு விரலால்கூடத் தொட்டிருக்க மாட்டார். இப்போது சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. சொன்னால், அப்பாவின் வாட்ச்சைத் தன் கையாலேயே அழித்துவிட்டோம் என்று அவருக்குத் தெரியும். சொல்லாவிட்டால் எனக்கு மட்டும் தெரியும்.

கங்காதரன் குனிந்து அதை என் கையில் கட்டிவிட்டார். செயின் தொளதொளவென்று இருந்தது, நாளைக்கு இரண்டு கண்ணி எடுத்துவிடலாம் என்றார். ஒரு எட்டுப் பின்னால் நின்று பார்த்தார்.

"இப்பவாச்சும் செரியா கீதா சார்? இன்னும் கொறை இருந்தா சொல்லுங்க, எட்த்துகினு போயி சரி பண்ணிகினு வந்துடறேன்."

ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை தேடித் தேடிக் குறை கண்டுபிடித்த வாய்தான் இது.

"ஒரு குறையும் இல்லை கங்காதரன். ரொம்ப நன்னா இருக்கு."

அவர் சொர்ணத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கப்பாரு வாட்ச்ச நீங்க ஒரு நாளும் நல்லாகீதுன்னு சொன்னதில்ல சார்," என்றார். "இன்னிக்கித்தான் சொன்னீங்க."

"ஆமாம்," என்றேன். "இன்னிக்குத்தான் சொன்னேன்."